நாகையாவின் ரப்பர் ஈறு

காலை மணி பத்தேகால். விடியும் முன் கொட்டிய மழை நின்று, கோலாலம்பூருக்கு அடுத்த கிள்ளான் நகர வீதிகளில் தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. சில்லறை வழக்குக் கோர்ட்டின் கூரை மட்டும் இன்னும் ஒழுகியது. ஒழுகிய இடத்தில் வைத்திருந்த வாளி நிரம்பி வழிந்தது. அதைக் காலி செய்ய மேலிடத்து ஆணை வரவில்லை.

அன்றைய முதல் வழக்கின் எதிரி அய்யாவு, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. ரப்பர் விலை விழுந்து, அரசாங்கம் ரப்பருக்குக் கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது. பெர்மிட் இல்லாமல் ரப்பரைக் கைவசம் வைத்திருப்பது குற்றம். அய்யாவுவின் மடியில் மரப்பட்டையில் உறைந்த ரப்பரான ஒட்டுப்பால் கைப்பிடியளவு அகப்பட்டது. மழைநாளில் ஈரவிறகு பற்றுவதற்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒட்டுப்பாலைத்தான் கொளுத்துவார்கள். அந்தத் துண்டைத் தந்தவரே தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி. இதை ஆங்கிலத்தில் ஒருவர் மாஜிஸ்திரேட் துரையின் காதில் போட்டுவிட்டால் அய்யாவு அன்றே வீடு திரும்பலாம். திரும்பியாக வேண்டிய அவசரமும் இருந்தது. மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும்.

அந்த வாக்கியத்தைத் துரையிடம் கொண்டு சேர்க்க அரசாங்கம் நியமித்திருந்தவர் துபாசி நாகையா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்வாசி. அந்நாளில் பிரிக்பீல்ட்ஸில் ஒருவருடைய உத்தியோகத்தின் உயரத்தை அவர் வாயைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். ரயில்வே ஹெட்கிராணி ஒருவர் தம் பற்களையெல்லாம் களைந்துவிட்டு, சிவப்பு ரப்பர் ஈறில் வெண்பீங்கான் பற்கள் பதித்த முழுச் செட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு கோயில் திருவிழாவில் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து தொற்று பரவியது. சொந்தப் பற்களோடு திரிவது நாகரிகம் அறியாதவர் செயல் என்று சில மாதங்களுக்குள் முடிவாயிற்று. நாகையாவும் கிள்ளானில் ஒரு சீனப் பல்வைத்தியரிடம் போய், வாயைக் காலி செய்துகொண்டு திரும்பினார்.

“கெட்ட பல்லு ஒண்ணுகூட இல்லியே, எதுக்குங்க புடுங்கினீங்க?” என்று அவர் மனைவி சீதாலெட்சுமி கேட்டார்.

“ஹெட்கிராணிக்கு மட்டும் கெட்ட பல்லா இருந்துச்சு?” என்றார் நாகையா. அதற்கு மேல் நியாயம் தேவைப்படவில்லை.

புதுச் செட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கோர்ட் கூடுவதற்கு முன் நாகையா அவசியமே இல்லாமல் நாலு பேரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு ரப்பர் கைவச இலாகாவின் பெரிய குமாஸ்தா சிரிலின் மீதும் விழுந்தது. அய்யாவு மீது வழக்குத் தொடுத்தவர் சிரில்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வருபவர்கள், நண்பர்கள்.

“பிரமாதமா இருக்கு, அண்ணே. எதுல செஞ்சது?”

“அசல் ரப்பர், சிரில். நம்ம நாட்டுச் சரக்கு. தட்டிப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்.”

“கொஞ்சம் கழட்டுங்களேன், பார்க்கலாம்.”

நாகையா பெருமையோடு மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். சிரில் வாங்கினார், எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்தினார்.

“பெர்மிட் இருக்கா, அண்ணே?”

நாகையா ஏதோ சொன்னார், காற்றுதான் வந்தது. சிரில் வருத்தத்தோடும் உரிய மரியாதையோடும் செட்டைக் கைப்பற்றி, அதை அன்றைய இரண்டாம் வழக்காகப் பதிவு செய்தார். நட்பு வேறு, கடமை வேறு என்று அவர் எப்போதும் சொல்வதுண்டு. செய்து காட்ட வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது.

மாஜிஸ்திரேட் துரை வந்தமர்ந்தார். முதல் வழக்கை நடத்தத் துபாசி வேண்டும். துபாசிக்குப் பற்கள் வேண்டும். பற்களோ இரண்டாம் வழக்கின் தடயப்பொருள். இரண்டாம் வழக்கை முதலில் எடுக்கலாமே என்றால், வரிசை எண்ணை மாற்றும் அதிகாரம் கோலாலம்பூரில் இருந்தது. சிரிலுக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். வாசலில் நின்ற போலீஸ் சார்ஜனுக்கும் தெரியும். அவர்கள் தெரிந்தவர்களே தவிர நியமிக்கப்பட்டவர்கள் அல்லர்.

தீர்ப்புச் சொல்ல முடியாவிட்டாலும் விசாரித்து வைப்பதில் தடையில்லை என்று துரை கருதினார். அந்தச் செட்டைச் செய்த பல்வைத்தியர் ஆ கியோங் எதிர்வரிசைக் கடையிலிருந்து வரவழைக்கப்பட்டார். பச்சை ரப்பரில் கந்தகம் சேர்த்துப் பிசைந்து, பல் அச்செடுத்த சுண்ணாம்புக் கூட்டில் அடைத்து, இறுக மூடிய சட்டியில் நீராவியில் வேகவைப்பதாக அவர் மலாயில் விளக்கினார். வெந்தபின் அது நீளாது, உருகாது, எத்தனை ஆண்டு போனாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்றும், அதைச் சந்தையில் ரப்பராக விற்க யாராலும் முடியாது என்றும் சொன்னார்.

“சட்டியில் வைக்கும்போது அது என்ன?” என்று துரை மலாயிலேயே கேட்டார்.

“ரப்பர், துவான்.”

“எடுக்கும்போது?”

“ரப்பர் இல்லை, துவான்.”

“எந்தக் கணத்தில் மாறியது?”

“மூடி போட்டிருக்கும், துவான். நடுவில் திறந்தால் சட்டி வெடிக்கும்.”

மாறியதை நேரில் கண்ட சாட்சி இல்லை என்பதைச் சிரில் பணிவுடன் சுட்டிக்காட்டினார். துரை அதை ஏற்றார். உள்ளே போனது ரப்பர் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஆகவே மறு உத்தரவு வரும்வரை அது ரப்பராகவே நீடிக்கும் என்றார்.

ஆயினும் நீதி கருணையற்றது அல்ல. பீங்கானுக்குக் கட்டுப்பாடு ஏதும் இல்லை என்பது துரையின் நினைவுக்கு வந்தது. துபாசியின் பற்களை மட்டும் உடனே அவரிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். ஆ கியோங் குறட்டால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். சிவப்பு ஈறு இரண்டாகப் பிளந்தது. பற்கள் ஒரு காகித உறையில் போடப்பட்டு, அரக்கு முத்திரையுடன் நாகையாவின் கையில் வைக்கப்பட்டன.

“இப்போது உங்களிடம் பற்கள் உள்ளன,” என்றார் துரை. “தொடங்குங்கள்.”

அய்யாவு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “அடுப்புப் பத்த வெக்கத்தான் தொரே. கெராணி ஐயாதான் கையில குடுத்தாரு. நாளைக்குப் பெரட்டுக்குப் போகலேன்னா வூடு போயிரும்.”

மாஜிஸ்திரேட் துரையைத் தவிர அந்த அறையில் இருந்த அனைவருக்கும் அது புரிந்தது. நாகையா உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாயசைத்தார். உதடு உள்ளே போய் வெளியே வந்தது. துரை கையைக் காதில் குவித்துப் பொறுமையோடு கேட்டுவிட்டு, துபாசிக்கு உரிமம் பெற்ற வாய் அமையும்வரை எதிரியைக் காவலில் வைக்கும்படி உத்தரவிட்டார்.

மறுநாள் காலையும் மழை.

மாஜிஸ்திரேட் துரை படுக்கையருகே கண்ணாடித் தம்ளரில் ஊறிக்கிடந்த தம் மேல்வரிசையை எடுத்து மாட்டிக்கொண்டார். அது லண்டனில் செய்தது. லண்டன் ரப்பரைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. சிரில், கைப்பற்றிய ஈறைப் பூட்டி வைக்கப் பெட்டி ஒன்று வேண்டுமென்று மேலிடத்தைக் கேட்டார். ஆ கியோங் தம் கடைப் பலகையிலிருந்த ரப்பர் என்ற சொல்லின் மீது தங்கம் என்று எழுதுவித்தார். முதல் ஆளாக நாகையா அங்கே போய்த் தங்கத்தில் ஈறு செய்ய அளவு கொடுத்தார். அவருக்குப் பின்னால் ரயில்வே ஹெட்கிராணி நின்றார். சீதாலெட்சுமி, காகித உறையை அலமாரியில் வைத்துவிட்டுக் கணவருக்குக் கஞ்சி காய்ச்சினார். பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக்கடைகளில் நாங்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம். அன்று கோர்ட்டில் நடந்தது யாருடைய வழக்கு என்று ஒருவர் கேட்டார். எவனோ ஒரு தோட்டத்தான் என்று பதில் வந்தது.

தோட்டத்துப் பெரட்டில் கிராணி, அய்யாவுவின் பெயரை இருமுறை கூப்பிட்டார். பிறகு அதைக் கோடிட்டு அடித்தார். பெரட்டு கலைந்ததும், விறகெல்லாம் நனைந்துவிட்டது ஐயா என்று வந்து நின்ற பெண்ணிடம், ஒட்டுப்பாலில் ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தார்.