குறிஞ்சான் அண்ணாச்சியும் பாதி அல்வாவும்

திருநெல்வேலி டவுணில் குடியிருந்துகொண்டு அல்வாவோடு சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் குறிஞ்சான் அண்ணாச்சிதான். வெள்ளைக்கார ராஜாவே வந்து டெல்லியில் தர்பார் நடத்திய சமயம், நானும் அவரும் ஒரே வக்கீல் ஆபீசில் குமாஸ்தாக்கள். அவருக்கு நீரிழிவு. அதற்காக ஆபீஸ் வேலியில் சிறுகுறிஞ்சான் கொடியை ஏற்றிவிட்டிருந்தார். அதன் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. மென்றுவிட்டுத்தான் அல்வாக் கடைகள் இருக்கிற ரதவீதியில் இறங்குவார்.

"இப்ப அல்வாவத் தின்னா களிமண்ணுதான் வே. களிமண்ணுக்கு எவனாவது நாக்கத் தொங்கப் போடுவானா?"

அதோடு விட்டாரா? தலைவலிக்கும் அதே இலை, வாய்தா கேட்டு அழுகிற கட்சிக்காரனுக்கும் அதே இலை. ஒருநாள் வக்கீல் ஐயாவையே மெல்ல வைத்துவிட்டார். ஐயா வீட்டுக்குப் போய், சர்க்கரை போடவில்லை என்று காப்பியைத் திருப்பித் திருப்பி அனுப்பி, அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்கு அப்பா இல்லை. சேரன்மாதேவிக்குப் பெண் பார்க்கப் போனபோது பெரியவராக அண்ணாச்சிதான் கூட வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போது, "பயமாருக்கு அண்ணாச்சி" என்றேன். சொன்னதுதான் தாமதம், மடியிலிருந்து இலையை எடுத்து என் வாயில் திணித்துவிட்டார்.

பெண் தட்டோடு வந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளே கிண்டிய அல்வாவாம். வாயில் வைத்தேன், நெய் தடவிய களிமண். மாப்பிள்ளை இனிப்பை மிச்சம் வைத்தால் பெண் வேண்டாம் என்று எங்கள் பக்கம் அர்த்தம். அது தெரிந்தும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா முகம் கறுத்து எழுந்துவிட்டார். "பிடிக்கலன்னா வாயால சொல்லலாம்லா?"

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, பையன் மேல தப்பில்ல. நான் குடுத்த இலை இனிப்பக் கொன்னுட்டு. நீங்களும் ஒண்ணு மென்னு பாருங்க."

"எங்க வீட்டுக்கே வந்து என்னத் தழை திங்கச் சொல்லுதீரா? நான் என்ன ஆடா வே?"

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் வந்தாள். இலையை வாங்கி மென்றாள். அல்வாவை ஒரு விள்ளல் போட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஆமாப்பா, மண்ணுதான். இதப் போயி அவங்க பாதி தின்னுருக்காங்களே!"

அந்தப் பாதியால்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணப் பந்தியில் அண்ணாச்சி அல்வாவைக் கேட்டு வாங்கினார். நான் பதறிப்போய், "குறிஞ்சான் மென்னுட்டீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"மெல்லல வே. உம்ம கல்யாண அல்வா எனக்கு இனிக்கணும்லா? ஒரே ஒரு வாய்."

கண்ணை மூடிக்கொண்டு பைய மென்றார். அப்பா இல்லாத குறை அன்று முழுக்க எனக்கு ஞாபகமே வரவில்லை.