சக்கரவர்த்தி தன் கடலுக்கு எல்.இ.டி. மாட்டிய படலம்

ஆரணியில் பட்டு விற்று, சேவூர் சாலையில் மச்சுவீடு கட்டி, அந்த வீட்டுக் கூடத்திலேயே ஒரு கடலையும் கட்டிவைத்தவனே, மழைக்காலத்தில் மட்டும் நதியாகும் கமண்டல நாகநதியின் கரையில் பிறந்தும் உப்புநீருக்குப் பட்டா வாங்கியவன்போல் நிமிர்ந்து நடந்தவனே, பிறர் நெற்றியின் வியர்வையைத் தவிர வேறு உப்புநீரை அறியாத கல்லாவில் அமர்ந்து பவளமும் பன்னிற மீனும் படைதிரட்டியவனே, சக்கரவர்த்தி என்று பெற்றோர் ஏதோ ஆசையில் இட்ட பெயரை அப்படியே நம்பிவிட்டவனே, உன்னைப் பாடுகிறோம். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் பாடுகிறோம்.

அவன் கடலின் எல்லைகளாவன: வடக்கே டி.வி. ஸ்டாண்டு, தெற்கே புடவை அலமாரி, கிழக்கே வாசற்கதவு, மேற்கே சமையலறைத் திரைச்சீலை. நான்கு முழ நீளமுள்ள அக்கண்ணாடிக் கடலுள், கோமாளி மீன்கள் இரண்டு கொடிபிடித்தாற்போல் உலாவ, பாறைமேல் படர்ந்த பவளங்கள் வாய்திறந்து வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஆம், வெளிச்சத்தைத்தான். வேறு பவளங்கள் வேறெதையும் தின்னலாம். சக்கரவர்த்தியின் பவளங்களுக்குப் பெரும்பசி வெளிச்சத்தின்மேல். அவற்றுக்கு அறிவியலார் இட்ட பெயர்களை அவன் வாயில் வைக்கவில்லை. அரக்கு என்றான் ஒன்றை. கிளிப்பச்சை என்றான் மற்றொன்றை. மாம்பழ மஞ்சள் என்றான் மூலையில் கிடந்ததை. நிறம் என்றால் அவனுக்குப் பட்டின் நிறம்தான், பெருங்கடல் பெற்ற பிள்ளையேயானாலும் பட்டின் பெயரைத்தான் சூடவேண்டும். நேரில் அவன் கண்ட கடலோ மாமல்லபுரத்தில் ஒன்றே. அதற்கும் முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, செருப்பில் மணல் ஏறிவிட்டதென்று சலித்தபடி பஸ் ஏறிய மாவீரன்.

அந்தப் பவளங்கள் உண்ண ஒரு ஞாயிறு வேண்டியிருந்தது. ஹாலைடு என்னும் பெயருடைய அவ்விளக்கு, பானையளவு கவிகையும் பக்கத்தில் நின்றால் புருவம் பொசுங்கும் வெம்மையும் உடையது. அதைத் தொங்கவிட ஒரு கொக்கி தேவைப்பட்டது. கூடத்தில் இருந்தது ஒரே கொக்கி. அதில் அதுவரை தொங்கியது ஒரு மின்விசிறி.

எது இறங்கியது என்று கேட்க வேண்டுமா? மூவிறகு விரித்து ஆண்டாண்டாய் அக்கூடத்தைக் காத்துவந்த விசிறி, பழைய போர்வையில் பிணம்போல் சுற்றப்பட்டுப் பரணேறியது. கொக்கியில் ஞாயிறு குடியேறியது. வீட்டில் மிச்சமிருந்த மேசை விசிறியும், நீர் சூடாகிவிடக் கூடாதென்று, தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது.

கடையாகவும் இருந்த அதே கூடத்தில்தான் அவன் மனைவி தெய்வநாயகி, காலை முதல் விளக்கு வைக்கும் வரை, வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட பட்டுகளை உதறி, மடித்து, முந்தி வெளியே தெரிய அடுக்கிக்கொண்டிருந்தாள். வியர்வைத்துளி பட்டில் விழுந்தால் கறை. ஆகவே தோளில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு, மேலே ஒரு ஞாயிறு. ஆரணியின் சித்திரைக்கு, வெளியே ஒரு ஞாயிறு போதவில்லை என்று உள்ளேயும் ஒன்றை வாங்கி மாட்டியவன் கல்லாவில் உட்கார்ந்து மீனுக்கு இரை தூவிக்கொண்டிருந்தான்.

அவள் விண்ணப்பித்தாள்.

"ஏங்க, மீனுக்குக் காத்து வருது. எனக்கு வேர்த்துகினு ஊத்துது. அந்த ஃபேனை எறக்கி மாட்டுங்க."

அதற்கு அவன் அருளிய ஆணையாவது: பவளம் வாழ ஞாயிறு வேண்டும், ஞாயிறு தொங்கக் கொக்கி வேண்டும், கொக்கியோ ஒன்று, ஆதலின் மடந்தாய், பொறுமை என்னும் அணியைப் பூண்டிரு. உண்மையில் அவன் சொன்னது "கம்முனு கெட" என்பதுதான். காவியமாயிற்றே என்று சற்று நீட்டியிருக்கிறோம்.

இங்ஙனம் கோடைகள் கழிய, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில், சென்னைக் கொளத்தூரின் மீன்கடைத் தெருவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எல்.இ.டி. என்றொரு புதுவிளக்கு இறங்கியிருக்கிறதாம். வெம்மை இல்லையாம். கரண்டைக் குடிக்காதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் விளிம்பில் தன் காலிலேயே நிற்குமாம். கொக்கி வேண்டாமாம்.

சக்கரவர்த்தி கேட்டது நீல ஒளியைப் பற்றி. தெய்வநாயகி கேட்டது கொக்கியைப் பற்றி.

"அது வந்தா கொக்கி எனக்குத்தானே?"

"வந்தா கொக்கி உனக்குத்தான். போதுமா?"

"அப்போ ஜல்தி போய் வாங்கிக்கினு வாங்க."

வீரன் புறப்பட்டான். கோயம்பேட்டிலிருந்து திரும்புகையில் பெட்டிக்கு ஒரு சீட்டும் தனக்கு ஒரு சீட்டும் பிடித்து, பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு நின்ற பெண் மூன்று முறை இருமியும் சன்னலுக்கு வெளியே இயற்கையைக் கண்டுகளித்து வந்த அவன் உறுதியைக் கல்லில் வெட்டலாம். விற்ற கடைக்காரர் மட்டும் ஒன்று சொல்லியனுப்பியிருந்தார். "சார், மொதல்ல கால்வாசி வெளிச்சம் வையுங்க. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரேயடியா வெச்சா பவளம் வெளுத்துடும்." ஆரணிக்காரனுக்கு நிறத்தைப் பற்றிக் கொளத்தூர்க்காரன் வகுப்பெடுப்பதா? அவன் கேட்டுக்கொள்ளவில்லை. பில் மட்டும் கேட்டு வாங்கினான்.

மறுநாட்காலை போர்க்களம் கூடியது. எலக்ட்ரீசியன் சின்னப்பையன் வந்தார். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் பெயரால் இளமை காத்துவரும் அப்பெருமகனார், டெஸ்டரை வேலென ஏந்தி, ஸ்டூலைக் களிறென ஏறி, கொக்கியைப் பற்றிய ஞாயிற்றோடு மல்லாடினார். துரு விழுந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. "மொதலாளி, புடியுங்க" என்று அவர் அழைத்தபோது முதலாளி தொட்டிக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார், மீன் கண்ணில் தூசி விழுமாம். கனத்த விளக்கைக் கீழிருந்து வாங்கியது தெய்வநாயகி. பரணேறி விசிறியை எடுத்ததும் அவள். இறகைத் துடைத்ததும் அவள். சின்னப்பையன் அதைக் கொக்கியில் மாட்டி இறங்க, சுவிட்சு தட்டப்பட, ஒரு முனகல் முனகி, ஒரு சுற்றுச் சுற்றி, பின் நீள்நாள் சிறையிலிருந்து மீண்ட பறவைபோல் அவ்விசிறி சிறகடித்துச் சுழன்றது. அவள் நேர்க்கீழே சம்மணமிட்டு அமர்ந்து, தோள்துண்டை எடுத்து ஓரமாய் வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வருதா அக்கா?"

"இப்பத்தான்யா உசுரு வருது."

இந்த மங்கல நேரத்தில் சக்கரவர்த்தி என் செய்தான்? சன்னல்களைச் சாத்தினான். டியூப்லைட்டை அணைத்தான். எல்.இ.டி.யின் திருகைக் கால்வாசியில் நிறுத்தச் சொன்ன கொளத்தூரை மனத்தால் இகழ்ந்து, முழுவதும் திருகினான். கூடம் நீலமாயிற்று. அவன் பனியன் ஊதாச்சுடர் வீசிற்று. கிளிப்பச்சைப் பவளம் தீப்பொறிபோல் மின்னிற்று. பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, சாமி பொம்மைக்குப் போடுகிற சீரியல் செட்டு மாதிரி இருக்கிறதென்று புகழ்ந்து போனார்கள். அதை அவன் புகழ் என்றே எடுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் சென்றது. அரக்குப் பவளம் ரோஸானது. ரோஸ் சந்தனமானது. சந்தனம் சுண்ணாம்பாகும் வழியில் நின்றது.

புடவை மடித்துக்கொண்டே தெய்வநாயகி சொன்னாள். "ஏங்க, உங்க பவளத்துக்குச் சாயம் போவுது."

கேட்டீர்களா அச்சொல்லை? ஆரணியில் ஒருவனைத் திருடன் எனலாம், குடிகாரன் எனலாம், பேசித் தீர்க்க இடமுண்டு. அவன் சரக்குக்குச் சாயம் போகும் என்றால் தீர்வே கிடையாது. அச்சொல்லால் கடைகள் மூடியிருக்கின்றன, சம்பந்திகள் பிரிந்திருக்கிறார்கள். அது சக்கரவர்த்தியின் மார்பில், அவன் மனைவியின் வாயிலிருந்தே, தைத்தது.

"சாயம் போவலை. புது வெளிச்சத்துக்குப் பழகிக்கினு இருக்குது."

"கொஞ்சம் கம்மி பண்ணித்தான் பாருங்களேன்."

கம்மி பண்ணினால் கொளத்தூர் சொன்னது சரியென்று ஆகிவிடுமே. திருகில் கை வைக்காமலே, மானம் ஒன்றே பெரிதென, தன் கடல் வெளுப்பதை அவன் கல்லாவிலிருந்து கண்கொட்டாமல் காவல் காத்தான். இதற்கு வீரம் என்று பெயர். ஆண்கள் வைத்த பெயர்.

அவ்வேளையில்தான் தெள்ளாரிலிருந்து அபிதகுசாம்பாள் வந்தார். மகள் கண்ணகிக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்த தாய். அரக்கில்தான் வேண்டும், ஜரிகை கெட்டியாக வேண்டும் என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். சக்கரவர்த்திக்கு வியாபாரத்தில் ஒரு விதியுண்டு, அந்த ஒன்றில் அவனைக் குறை சொல்ல முடியாது: நிறத்தை விளக்கில் காட்டமாட்டான். எந்தப் பட்டையும் தெருவுக்குத் தூக்கிப்போய், வெயிலில் விரித்து, "இப்பப் பாருங்க, இதான் கலரு" என்பான். விளக்கில் காட்டி விற்கிறவர்களை ஏய்ப்புக்காரர்கள் என்று ஊரெல்லாம் ஏசியவனும் அவனே.

அன்று அவன் சன்னலைத் திறக்கவில்லை. கடலைக் காட்டவேண்டுமே. நீலத்தின் நடுவே வந்தவர்களை அமரவைத்து, கடையிலேயே உயர்ந்த அரக்குப் பட்டை அலைபோல் விரித்தான்.

அபிதகுசாம்பாள் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஏன் தம்பி, அரக்கு கேட்டா கருப்பைக் காட்டறே. நாங்க கல்யாணத்துக்கு வந்துகினு இருக்கோம்."

"அரக்குதாம்மா அது. லைட்டுல அப்பிடித் தெரியுது."

"இதுவும் கருப்பு. அதுவும் கருப்பு. கடை பூரா கருப்பாத்தான் கெடக்குது."

கண்ணகி, அறிவுள்ள பெண், புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கிருந்து சொன்னாள். "அரக்குதான்மா. நல்லாத்தான் கீது."

வெற்றித் திருமகள் வாசற்படிவரை வந்து செருப்பைக் கழற்றிய நேரம் அது. வாயை மூடிக்கொண்டு பில் போட்டிருந்தால் உள்ளேயே வந்திருப்பாள். ஆனால் அதற்குள் அபிதகுசாம்பாளின் கண் தொட்டிமேல் போய்விட்டது.

"அது என்னா தம்பி, சுண்ணாம்புக் கல்லா?"

"பவளம்மா. உசுரோட இருக்குது. அது…" நிறத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு நிற்கவில்லை. "அதுவும் அரக்குதான். போன வாரம் வரைக்கும்."

கிழவி பவளத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மகள் கையிலிருந்த பட்டைப் பார்த்தார்.

"இந்தூட்டு அரக்கு தண்ணியில போட்டா இப்பிடித்தான் ஆவுமா?"

எறிகணை அன்று, இடி அன்று, தெள்ளார்க் கிழவியின் ஒரு வாக்கியம். அதில் ஒரு சக்கரவர்த்தியின் பரம்பரைப் பெயரும், கடலும், கல்லாவும் ஒருங்கே கவிழ்ந்தன. அவன் விளக்கினான்: இது வேறு, அது வேறு, இது பவளத்துக்குள் வாழும் பாசி சம்பந்தப்பட்டது, அது சாயம் சம்பந்தப்பட்டது. விளக்க விளக்கச் சாயம் என்ற சொல்லே கூடமெங்கும் ஒலித்தது. கண்ணகி பட்டைத் திருப்பி வைக்க, தாயும் மகளும் எதிர்க்கடைக்குள் நுழைந்தார்கள். எதிர்க்கடையில் கடல் இல்லை. வெளிச்சம் இருந்தது.

விரித்துப்போட்ட பட்டுகள் குன்றுபோல் கிடந்தன. அத்தனையையும் மடிக்க வேண்டியவள் யார் என்று பெயர் சொல்லத் தேவையில்லை.

ஆற்றாச் சினங்கொண்ட வேந்தன், தன் கை திருகியதையும் தன் வாய் உளறியதையும் குற்றப்பட்டியலில் சேர்க்காமல், பழி முழுவதையும் விளக்கின் தலையில் ஏற்றினான். சின்னப்பையனைப் போன்போட்டு வரவழைத்தான். பழைய ஹாலைடு விளக்கைத் தன் இரு கையாலும், பெற்ற பிள்ளையை ஏந்துவான்போல் ஏந்தி, கூடத்தின் நடுவே நின்று முழங்கினான்: "இந்த நீலம் இன்றோடு ஒழிக, இழந்த ஞாயிறு மீண்டும் கொக்கி ஏறுக, விசிறி பரண் ஏறுக, எமது கடல் முன்போல் சிவந்து பொலிக, இதற்கு மாறு உரைப்பார் எவரும் இவ்வீட்டில் இல்லை." சின்னப்பையன் ஸ்டூலைப் போட்டு, "அக்கா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க, கழட்டணும்" என்று சுவிட்சுப் பக்கம் நின்ற தெய்வநாயகியைப் பார்க்க, கோமாளி மீன்கள் கண்ணாடியில் முகம் ஒட்டி நிற்க, வெளுத்த பவளங்கள் வாய்பிளக்க, விளக்கின் பாரத்தால் வேந்தனின் முழங்கை நடுங்க, மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் கத்திரிப்பூ ஊதாவுமாகப் பட்டுகள் மடியாமல் மலையாய்க் கிடக்க, எட்டுத் திசையும் மூச்சடக்கி, சேவூர் சாலையின் டவுன் பஸ்ஸும் ஹாரனை மறந்து, ஒரு குலத்தின் மானம் அக்கொக்கியில் ஏறுமா இறங்குமா என்று விண்ணும் மண்ணும் விழித்திருந்த அப்பெருங்கணத்தில், மடித்த பட்டைக் கீழே வைத்து அவள் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள்.

தெய்வநாயகி ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டு, அதன் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.