கபாசிட்டர் பழுத்த செவ்வாய்க்கிழமை

இன்ஸ்பெக்டர் ஸ்டூலின் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கவிழ்த்தார். பின்பக்க மூடியை நகத்தால் நெம்பினார். பேட்டரியைப் பிடுங்கினார். பதினெட்டு வருடமாக ஓயாமல் பேசிய வாய் அடங்கியது. மணி மூன்று நாற்பது. இனி அந்த வீட்டில் எந்நேரமும் மூன்று நாற்பதுதான்.

இன்னும் இருபது நிமிடம்!

குதித்து இறங்கினார். மின்விசிறியை அணைத்தார். குழாயில் சொட்டும் நீருக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேல்வீட்டில் தச்சர் ஒருவர் அலமாரிக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்த முடியுமா?"

தச்சர் பதறிப்போய் இழைப்புளியைக் கீழே வைத்தார். "யாராவது தவறிட்டாங்களா சார்?"

"இல்லை. கீழே ஸ்பீக்கர் கேட்கப்போறோம்."

"அதுக்கென்ன சார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க."

இன்ஸ்பெக்டர் அவரை மன்னித்தார். பாமரர்.

நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனித குலம் சாதித்த பெரிய காரியம், முப்பத்தைந்து வயதான ஒரு ஜோடி ஸ்பீக்கர்களின் உள்ளுறுப்புகளை மாற்றியதுதான் என்பது அன்று மாலை நான்கு மணிக்கு உலகத்துக்குத் தெரியவிருந்தது. உலகம் என்றால் இரண்டு பேர். 'நுண்செவியர் பேரவை'யின் தணிக்கைக் குழு. அவர்கள் தலையசைத்தால் இன்ஸ்பெக்டரின் ஸ்பீக்கர்கள் 'ஆதார ஒலி' என்று பிரகடனம் செய்யப்படும். ஊரில் இருக்கும் மற்ற ஸ்பீக்கர்களெல்லாம் அவற்றோடு ஒப்பிடப்பட்டு அவமானப்படும். இன்ஸ்பெக்டர் பேரவையின் அடுத்த தலைவர் ஆவார்.

அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. எடை அளவைத் துறை. இருபத்தாறு வருடமாகக் கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். படிக்கல்லில் இரண்டு கிராம் குறைந்தால் கடையையே இழுத்து மூடவைக்கும் உத்தமர். வீட்டில் மட்டும் எந்த அளவுகோலையும் அண்டவிட மாட்டார். "மீட்டருக்குக் காது இருக்காய்யா?" என்பார்.

கல்யாணம் ஆன வருடம் கணவனும் மனைவியுமாகப் போய் வாங்கிய பழைய பெட்டிகள் அவை. இடுப்பு உயரம், பழுப்பு மரம். ஏழு மாதத்துக்கு முன்னால் அவை போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கலாக ஒலிக்க ஆரம்பித்தன. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் மெக்கானிக் வந்தார். சாலிடரிங் கம்பியும் கையுமாகவே இருப்பதால் அவருக்கு ஊரில் 'ஈயம்' என்று பெயர். பெட்டியைத் திறந்து, கனத்த ஒலியைப் பெரிய கோனுக்கும் மெல்லிய ஒலியைச் சின்னக் கோனுக்கும் பிரித்து அனுப்பும் பலகையைக் காட்டினார்.

"கபாசிட்டரெல்லாம் காஞ்சுபோச்சு சார். வயசாயிடுச்சில்ல? மாத்திட்டா சரியாயிடும்."

மாற்றினார். சரியாகிவிட்டது. "அவ்வளவுதான் சார். இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று பையை மூடினார். அன்று மாலை கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி.

வினை அங்கேதான் தொடங்கியது. நல்லா இருக்கு என்றால் எவ்வளவு நல்லா? முத்திரை குத்துகிற மனிதரிடம் போய் 'நல்லா இருக்கு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவர் எப்படித் தூங்குவார்? மறுநாளே பேரவையில் சேர்ந்தார்.

புதுக் கபாசிட்டரை எடுத்துவிட்டு, கட்டைவிரல் தடிமனில் கடல் கடந்து வந்த கபாசிட்டர் போடப்பட்டது. பிறகு அதைத் திருப்பிப் போட்டார்கள், ஒலிக்கும் வடக்கு தெற்கு உண்டு என்று பேரவையில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டதால். உள் வயர்கள் போயின. இரும்புத் திருகாணிகள் போய்ப் பித்தளை வந்தது. "பித்தளை போட்டா பாட்டுல என்ன சார் வரும்?" என்று ஈயம் கேட்டார். "பொறுமை வரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லாவற்றிலும் முக்கியம், கபாசிட்டர் பழுக்க வேண்டும். நானூறு மணி நேரம் ஓடினால்தான் அதற்கு ஞானம் வரும். அதுவரை அந்த அறையில் அந்நிய ஒலி கூடாது. ஃபிரிட்ஜ் உறுமியது, பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. மிக்சி தடை செய்யப்பட்டது. இன்ஸ்பெக்டர் ஹால் சோபாவிலேயே படுத்தார். மனைவி பேச வேண்டியதைச் சீட்டில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வெளியானது.

அவள் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். சுற்றறிக்கைகளை மதித்துப் பழகியவள். ஒட்டினாள்.

'மேனேஜரா பதவி உயர்வு வந்திருக்கு. வேற ஊர். பத்து நிமிஷம் பேசணும்.'

சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அதில் எழுதிக்கொண்டார்: 'இடது பெட்டி, உச்ச ஒலி மிருது. வலது, தேன்.'

மறுவாரம்: 'அஞ்சு நிமிஷம் போதும்.' பின்பக்கம்: 'தேன் கொஞ்சம் அதிகம். கவனிக்க.'

அதற்கும் மறுவாரம்: 'போ, போகாதே. ஏதாவது ஒண்ணு.' சீட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்ததில் இன்ஸ்பெக்டருக்கு வருத்தம்தான். குறிப்பெழுத இடம் போதவில்லை.

ஆனாலும் அவளுடைய ஒத்துழைப்பை அவர் குறைத்து மதிப்பிட்டதே இல்லை. இந்த வாரம் பால்கனி ஃபிரிட்ஜில் 'வியாழன் பகல்', 'வெள்ளி இரவு' என்று முத்திரை ஒட்டிய டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அப்படியொரு நிர்வாகத்தைத் தன் துறையிலேயே அவர் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து செய்தி அனுப்பினார்: 'ஞாயிறு நான்கு முதல் ஆறு வரை ஹாலில் இருக்கக் கூடாது.' உடனே பதில் வந்தது: 'இருக்க மாட்டேன்.' இப்படியும் ஒரு மனைவி!

சரியாக நான்கு மணிக்குக் குழு வந்தது. பேரவைத் தலைவர் பல் டாக்டர். முப்பது வருடம் டிரில் ஓட்டியதால் கூர்மையடைந்த காது. கூடவே 'தாமிரம்', செம்பு வயரைத் தவிர எதையும் நம்பாதவர். இருவரும் சாக்ஸ் காலோடு பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார்கள்.

"அறிக்கை" என்றார் டாக்டர், கிசுகிசுப்பாக.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வாசித்தார். "இத்தால் தெரிவிப்பது யாதெனில், சென்ற செவ்வாய்க்கிழமை வரை ஒலிக்குப் பின்னால் ஒரு மெல்லிய மாசு இருந்துவந்தது. செவ்வாய் மாலை வீடு திரும்பிக் கேட்டபோது அது அடியோடு மறைந்திருந்தது. பின்புலம் கும்மிருட்டு. ஊசி விழுந்தால் கேட்கும். கபாசிட்டர் பழுத்துவிட்டது."

"செவ்வாய்க்கிழமையா?" தாமிரம் சிலிர்த்துப்போனார். "எனக்கு ரோமம் நிக்குது."

"விதி பதினான்கு, உட்பிரிவு ஆ" என்றார் டாக்டர். "இசை எந்தப் பெட்டியையும் காப்பாத்திடும். மனுஷக் குரல் காப்பாத்தாது. யார்னு நமக்குத் தெரியாத ஒருத்தர் பேச்சை முதல்ல பெட்டியில கேட்போம். அப்புறம் அதே ஆள் அதே பேச்சைக் கதவுக்குப் பின்னால நின்னு நேர்ல பேசணும். ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு மார்க் கழிப்போம். ஈயம், ஏற்பாடு எப்படி?"

ஈயம் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "திங்கக்கிழமையே ரெக்கார்டு பண்ணிட்டேன் டாக்டர். நேர்ல பேசறதுக்கும் குரல் தயார்."

"பேரவையின் கொள்கை வாசகம்?"

மூவரும் கண்ணை மூடிச் சொன்னார்கள். "சொல்லைக் கேளாதே, ஒலியைக் கேள்!"

ஈயம் பொத்தானை அழுத்தினார். பழுப்புப் பெட்டிகளிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாம்னு சொன்னாங்க. அதனால பேசறேன். ஒரு மாசமா வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன். வேலை வேற ஊருக்கு மாறுது. நீங்களும் மாத்தல் கேட்டு வரீங்களா, இல்ல நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடட்டுமான்னு. அவர் எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். சொல்லணும். அவ்வளவுதான். இந்த வாரம் பதில் சொல்லணும்."

மூன்று ஜோடிக் கண்கள் மெல்லத் திறந்தன.

"'சம்மதம்'ல அந்த 'ச' இருக்கே" என்றார் தாமிரம், குரல் தழுதழுக்க. "பட்டு!"

"மேல் வரிசை, இடது பக்கம், நாலாவது பல்லு" என்றார் டாக்டர். "அடைச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் இருக்கும். நல்ல வேலை."

இன்ஸ்பெக்டர் தன் முறைக்காகக் காத்திருந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். "உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். நின்னுக்கிட்டுப் பேசறாங்க. இடப்பக்கம் ஒரு இரும்பு பீரோ இருக்கு. கதவு சரியா மூடலை. கீல்ல எண்ணெய் இல்லை."

"அட!" என்றார் தாமிரம்.

ஈயம் கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கு."

டாக்டர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். "அதான் சார் நல்ல கபாசிட்டருக்கு அடையாளம்! முன்பின் தெரியாத ஒருத்தியைக் கூடவே வாழ்ந்தவ மாதிரி காட்டுது பாருங்க."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது. ஏழு மாதத் தவம்!

"நேர்க்குரல்" என்று உத்தரவிட்டார் டாக்டர். ஈயம் உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நொடி. கதவுக்குப் பின்னாலிருந்து அதே குரல் அதே வரிகளைப் பேசியது. வார்த்தை பிசகவில்லை. கடைசி வரிதான் மாறியது.

"பதில் சொல்லிட்டேன்."

"விதிமீறல்" என்று முணுமுணுத்தார் தாமிரம். "மூலத்துல இது இல்லை."

"விடுங்க" என்றார் டாக்டர். அவர் முகத்தில் தெய்வ தரிசனம் கண்ட களை. "அந்த மூச்சைக் கேட்டீங்களா? நெஞ்சிலேருந்து வர அந்தச் சூட்டைக் கேட்டீங்களா? எந்த இயந்திரத்தாலயும் முடியாது சார். உயிருன்னா உயிர்தான். நேர்க்குரலுக்கு நூறு. நம்ம பெட்டிக்குத் தொண்ணூத்தெட்டு!"

பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். தாமிரம் பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து, சரசரப்பு வராமல் பிரித்தார். இன்ஸ்பெக்டர் கைகூப்பி, "முதல்ல அந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிக்கிறேன்" என்று போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஈயம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள், சத்தம் கூடுதலாக வருவதற்காக நிறுத்திவைத்த ஒரு செல்போன்.

"ஆள் எங்கேய்யா?"

"லைன்ல இருந்தாங்க சார். இப்பதான் வச்சாங்க."

டாக்டர் எட்டிப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். கையிலிருந்த மார்க் தாளில் தான் போட்ட நூறைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தாமிரத்தின் பின்னால் போய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். திரையில் 'அக்கா' என்றிருந்தது. அதற்குக் கீழே இருந்த எண் அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"இது என் வீட்டுக்காரி நம்பர்."

"ஆமா சார். கூலிக்குப் பேச யாரும் வரல. அக்காகிட்ட கேட்டேன். நான் சொன்னாத்தான் கேட்க மாட்டாரு, ஸ்பீக்கர்ல வந்தாலாவது கேட்கறாரா பார்ப்போம்னு சொல்லிட்டுப் பேசிக் குடுத்தாங்க."

"பெட்ரூம்ல இருக்கறவ எதுக்குய்யா போன்ல பேசணும்?"

இன்ஸ்பெக்டர் நான்கே எட்டில் பெட்ரூம் கதவை அடைந்து தள்ளினார். கட்டில் இருந்தது. பீரோ இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் நான்கு வட்டத் துருக்கறைகள் இருந்தன.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை காலையில சார், நீங்க ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி. வண்டி வந்துச்சு. பீரோவுக்கு மூணு ஆளுதான் வந்திருந்தாங்க, ஒரு மூலையை நான் பிடிச்சேன். இந்த ஹால் வழியாத்தான் தூக்கிட்டுப் போனோம். நீங்க சோபாவுல கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தீங்க. அக்கா உங்க எதிர்ல வந்து நின்னு, 'நான் போயிட்டு வரேங்க'ன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க சார்."

"நான்... நான் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னீங்க சார்" என்றார் ஈயம். "கண்ணைத் திறக்காமலே, உதட்டு மேல விரலை வச்சு, 'உஷ்'னு சொன்னீங்க."