பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

கீழே கிளினிக்கில் ஒரு லாரி டிரைவர் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் மல்லாந்திருந்தார். மேலே மாடியறையில் பல் டாக்டர் டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். ஊசி போட்ட இடம் மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் சும்மா நிற்பானேன் என்பது டாக்டரின் கட்சி.

சுவரில் ஐந்து செயின்சாக்கள் தொங்கின. பெட்ரோலில் ஓடி, பெரிய பெரிய மரத்தையெல்லாம் அறுத்துத் தள்ளுகிற ரம்பங்கள். பத்து இன்ச், பன்னிரண்டு, பதினாலு, பதினெட்டு, இருபது என்று பிளேடின் நீளப்படி வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவத்தைச் சிவப்புப் பெயின்டில் வரைந்தும் வைத்திருந்தார். இதுவரை அவற்றால் ஒரு பென்சிலைக்கூட அவர் சீவியதில்லை. அதனால் என்ன? தபால்தலை சேர்க்கிறவரிடம் போய், "இதுவரைக்கும் எத்தனை கடிதம் போட்டீங்க?" என்று யாராவது கேட்கிறார்களா?

முன்பெல்லாம் மனைவி கேட்பாள். "இது எதுக்கு வீட்டுல? விறகு வெட்டப் போறீங்களா?" என்று தினம் ஒரு பாட்டு. ஒரு வருஷமாகத்தான் கேட்பதை விட்டிருந்தாள். பாவம், பழகிவிட்டது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவர் மனசை அரித்ததெல்லாம் பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருந்த காலி இடம்தான். பொழுது விடிந்தால் ஊரார் வாயில் உள்ள ஓட்டையெல்லாம் அடைக்கிற மனுஷன். சொந்த வீட்டுச் சுவர் முன்பல் போன வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்குமா?

அளந்து முடித்துக் குனிந்தவர், "அடச்சே!" என்றார். பதினாலுக்குக் கீழே தரையில் மறுபடியும் மரத்தூள். கதவு நிலையை ஏதோ வண்டு அரிக்கிறது. வாரம் தவறாமல் மருந்தடித்தார். வண்டும் வாரம் தவறாமல் அரித்தது.

"என்னங்க, கீழ அந்த மனுஷன் 'ஆ'ன்னு கிடக்கறாரு. நீங்க இங்க சுவரை அளந்துகிட்டு நிக்கறீங்க!"

மனைவி வாசலில் நின்றாள். தோட்டக்கலை வகுப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அந்த வகுப்புக்குப் போகிறாள். இதுவரை வீட்டுக்கு ஒரு பூந்தொட்டி வந்து சேரவில்லை. நல்ல பசி மட்டும் வந்து சேர்ந்தது.

"இன்னும் ஒண்ணு வாங்கிக்கறேனே. ஒண்ணே ஒண்ணு. பதினாறு. அதோட வரிசை முடிஞ்சுது. அப்புறம் அந்தக் கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"போன தடவை வரிசை முடியல. இப்ப முடிஞ்சிடும்."

அவள் சுவரை ஒரு நோட்டம் விட்டாள். "வாங்கறதுதான் வாங்கறீங்க, இருபத்திநாலா வாங்குங்களேன்."

"இருபத்திநாலா? அது எதுக்கு?"

"பெருசா இருக்குமில்ல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. நடுவுல ஓட்டையை விட்டுட்டு, கடைசியில கொண்டுபோய் ஒரு பல்லைக் கட்டினா நல்லாவா இருக்கும்?"

"சரி, உங்க இஷ்டம். ஆனா ஒரே தடவைதான். மாத்தறேன், திருப்பறேன், இன்னொண்ணு வாங்கறேன்னு வந்து நிக்கக் கூடாது. தப்பான அளவை வாங்கிட்டு வந்தீங்கன்னா ஆறையும் நான் எடுத்துக்குவேன். அப்புறம் அது எங்க போகுது, என்ன ஆகுதுன்னு நீங்க மூச்சு விடக் கூடாது."

பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி டாக்டரின் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது? பதினாலோடு இரண்டைக் கூட்டத் தெரியாதா அவருக்கு?

"சத்தியமா" என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தார். பிறகுதான் லாரி டிரைவர் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தது தெளிந்துவிட்டிருந்தது. தற்காலிகமாக ஓர் அடைப்பு வைத்து, வியாழக்கிழமை வரச்சொல்லி அனுப்பினார்.

கடைக்குப் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. பல் பிடுங்குகிறவர் வீட்டில் ரம்பம் சேர்க்கிறார் என்று தெரிந்தால் ஊரில் எவன் வாயைத் திறப்பான்? அதற்காகவே முதல் ஐந்தையும் வெளியூரில் வாங்கி, போர்வையில் சுற்றி, பிணம் கடத்துகிற மாதிரி கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை அவசரம், உள்ளூர்க் கடைக்கே போக வேண்டியதாயிற்று. யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தில் மாஸ்க்கை இறுக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

"வாங்க டாக்டர்!" என்றார் கடைக்காரர்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கு ரெண்டு பல்லு பிடுங்கியிருக்கீங்களே! மாஸ்க் போட்டிருந்தாத்தானே உங்களை எனக்குத் தெரியும்? கழட்டிட்டு வந்திருந்தா யாரோன்னு விட்டிருப்பேன்."

வேறு வழியில்லை. "பதினாறு இன்ச் செயின்சா ஒண்ணு வேணும்."

கடைக்காரரின் கை தானாகக் கன்னத்தைப் பொத்தியது. "யாருக்கு டாக்டர்?" என்றார்.

"எனக்கில்லைங்க! என்... என் வீட்டுக்காரிக்கு."

வாயில் வந்தது அதுதான். இதைவிடக் கேவலமான பொய் உலகத்தில் கிடையாது என்று சொன்ன கையோடு அவருக்கே தெரிந்தது. ஆனால் கடைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்படிச் சொல்லுங்க! ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். அவங்களுக்குன்னா இருபத்திநாலு எடுத்துட்டுப் போங்களேன்."

கடைக்காரன் புத்தி, பெரிசைத்தான் தலையில் கட்டப் பார்ப்பான் என்று டாக்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். "வேண்டாம். பதினாறு போதும்."

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா? செருப்பானாலும் சரி, ரம்பமானாலும் சரி, வீட்டுல அளவு கேட்காம வாங்கிட்டுப் போனா அப்புறம் நமக்குத்தான் சோறு கிடைக்காது."

"கேட்டாச்சு கேட்டாச்சு."

"அப்ப சரி. வியாழக்கிழமை நம்ம மெக்கானிக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டிட்டு வருவாரு."

"ஐயோ, ஓட்டவே வேண்டாம்! பின்வாசல் வழியா வந்து, சத்தம் போடாம மாடியில வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வியாழக்கிழமை பின்வாசல் பூட்டியிருந்தது. மனைவி வகுப்புக்குப் போகும்போது பூட்டிக்கொண்டு போயிருந்தாள். வழுக்கைத்தலை மெக்கானிக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, பெரிய அட்டைப்பெட்டியும் தானுமாக முன்வாசல் வழியாக வந்து, ஆள் நிறைந்திருந்த கிளினிக் நடுவில் நின்றார்.

"சார், ரம்பம் வந்திருக்கு! எங்க வெக்கணும்?"

காத்திருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். உள்ளே லாரி டிரைவரின் வாயில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்த டாக்டர், கையுறையோடு எட்டிப் பார்த்தார்.

"ரம்பமா? சேச்சே! அது பல்லைப் படம் எடுக்கற மெஷின்!"

"அட்டையில பதினாறு இன்ச்னு போட்டிருக்கே டாக்டர்" என்றாள் கடைவாய்ப்பல் வலியோடு வந்திருந்த ஓர் அம்மாள்.

"அது... அது பெரியவங்களுக்கான சைஸ்."

அந்த அம்மாளுக்கு வலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது.

"வீட்டுல அக்கா இல்லையா சார்? அவங்ககிட்ட ஓட்டிக் காட்டச் சொல்லி முதலாளி அனுப்பினாரு" என்றார் மெக்கானிக்.

தான் சொன்ன பொய் தன்னையே தேடிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டதே என்று டாக்டர் நொந்துகொண்டார். "இல்லை. நீங்க கிளம்புங்க."

"ஓட்டாம போனா திட்டுவாரு சார். வராந்தாவுலயே வெச்சு ஒரே ஒரு இழுப்பு."

டாக்டர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் கயிற்றை இழுத்துவிட்டார். கட்டடமே அதிர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்த லாரி டிரைவர், மலைப்பாதையில் பிரேக் போன லாரியில்கூடப் போடாத ஒரு கூச்சலைப் போட்டார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" டாக்டர் ஓடிப்போய் ரம்பத்தைப் பிடுங்கினார். பிடுங்கத் தெரிந்த மனுஷருக்கு அணைக்கத் தெரியவில்லை. சுவரில் ஐந்து வைத்திருக்கிறாரே ஒழிய, ஒன்றைக்கூட ஓட்டியிருந்தால்தானே எந்தப் பொத்தான் எங்கே என்று தெரியும்? பதற்றத்தில் மெக்கானிக் பக்கத்தில் நிற்பதே மறந்துபோய், யாரையாவது கேட்கலாமென்று அப்படியே உள்ளே திரும்பினார்.

முகத்தில் மாஸ்க், கையில் கையுறை, மேலங்கியில் துளி ரத்தம், இரண்டு கைகளிலும் உறுமுகிற ரம்பம். அப்படி ஒரு பல் டாக்டரை வாசலில் பார்த்தால் நீங்களாக இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் கதவு வழியாகக் கிளினிக்கே காலியாயிற்று. கடைசியாக, கழுத்தில் கட்டிய துணியும் வாயில் பஞ்சுமாக லாரி டிரைவர் பாய்ந்தார்.

"ஓடாதீங்க! பயப்படாதீங்க!" டாக்டர் ரம்பத்தோடு பின்னாலேயே ஓடினார். "உங்களுக்கு இன்னும் முடியல!"

லாரி டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்து, பெருவிரலால் எதையோ தட்டி ரம்பத்தை அணைத்தார். எதிர்வீட்டு வக்கீல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன டாக்டர், அவர் பல்லு அவ்வளவு கெட்டியா?"

"பல்லுக்கில்லைங்க! மரம் வெட்டத்தான் வாங்கினேன்."

"எந்த மரம்?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கிளினிக் வாசலில், வேரால் படியைத் தூக்கிக்கொண்டு நின்றது ஒரு கிழட்டு மரம். "இந்த மரம்."

"எப்போ வெட்டப் போறீங்க?"

"இப்போ."

வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஓடிய நோயாளிகள் தெருக்கோடியிலிருந்து மெல்லத் திரும்பி வந்து, பத்தடி தள்ளி நின்றார்கள். இப்போது வெட்டாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும்.

"சார், வேண்டாம்" என்று மெக்கானிக் காதோடு சொன்னார். "இந்த அடிமரத்துக்குப் பதினாறு பத்தாது."

"சும்மா இருங்க. ஓட்டி மட்டும் கொடுங்க."

மெக்கானிக் கயிற்றை இழுத்துக் கொடுத்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை மரத்தில் வைத்து அழுத்தினார். தூள் பறந்தது. ஆஹா, அறுக்கிறது! ஒரு சாண் போயிருக்கும். மரம் சற்றே அசைந்து உட்கார்ந்து, பிளேடை முழுசாகக் கவ்விக்கொண்டது. இன்ஜின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோயிற்று.

டாக்டர் இழுத்தார். மரத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். இத்தனை வருஷம் பிடுங்கிய அனுபவத்தையெல்லாம் திரட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தார். ரம்பத்தின் பிளாஸ்டிக் மூடி மட்டும் கையோடு வந்தது. மூடியும் அவருமாகத் தரையில் விழுந்தார்.

"வேதோட திக்கிப்போத்து" என்று வருத்தப்பட்டார் லாரி டிரைவர். வேரோடு சிக்கிப்போயிற்றாம்; வாயில் பஞ்சு அப்படியே இருந்தது.

கூட்டம் விலகியது. தோள்பையோடு மனைவி வந்துகொண்டிருந்தாள். மரத்தைப் பார்த்தாள். மரத்தில் செருகியிருந்ததைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"பதினாறா?" என்றாள்.

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவே பார்க்கிறதே என்ற வெட்கம்கூட அவரை விட்டுப் போயிருந்தது.

"தப்பான அளவை வாங்கிட்டேன்மா. நீ அன்னைக்கே சொன்னே, நான்தான் பெரிய இவனாட்டம் சிரிச்சேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆறையும் நீயே எடுத்துக்க. எங்க போகுது, என்ன ஆகுதுன்னு நான் வாயே திறக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தப் பதினாலை மட்டும் யாராவது நல்லா வெச்சுக்கறவங்க கையில கொடு. அதுதான் நான் முதல்ல வாங்கினது."

மனைவிக்கு மனசு தாங்கவில்லை. "சரி சரி, எழுந்திருங்க முதல்ல. பதினாலு எங்கயும் போகாது" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, அவர் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். மெக்கானிக் வழுக்கையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். அவள் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"முதலாளி இருபத்திநாலுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாராம், சார்தான் கேட்கலையாம். இப்ப திங்கக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்து மரம் நாலையும் எதை வெச்சு வெட்டப் போறீங்க அக்கா?"