நான் மூச்சு வாங்கும் இடத்தில் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அத்தானும் சுகமாக இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. போனில் பேசினால் அவர் பக்கத்தில் இருப்பார் என்பதால்தான் எழுதி உன் ஆபீஸில் கொடுக்கிறேன்.

இருபது வருஷம் அலைந்ததில் முதல் தடவையாக ஒரு பாட்டுக் கம்பெனி என் பாட்டைக் கேட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். மெட்டு என்னுடையது, வரிகள் என்னுடையவை, குரலும் நான்தான். ஒலிப்பதிவுக்காரர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு, பின்னாடிதான் வெறிச்சோடிக் கிடக்கு. ஒரு சின்ன மெட்டு ஓடினா தேவலை" என்றார். என்னைக் கொண்டுவிட வந்த உன் வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டிய மனுஷன், வண்டியிலிருந்து கிளாரினெட்டை எடுத்துவந்து, பாட்டை ஒரே தடவை கேட்டுவிட்டு ஊதினார். மொத்தமே ஐந்து சுரம்தான் அக்கா! நான் மேலே போனால் அது கீழே இறங்குகிறது. நான் பாடினால் அடங்கிப்போகிறது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், வந்துவிடுகிறது. என் பாட்டு மெட்டுக்காக எட்டு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே முணுமுணுக்கிறாள். எதை? அந்த ஐந்து சுரத்தை! "அது யாரோட மெட்டு?" என்றேன். "உங்க பாட்டுதாங்க, பதிவு போட்டுக் காட்டினீங்களே, நல்லாருக்கு" என்கிறாள். மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது சீட்டியடிக்கிறார், அதுவும் அதே ஐந்து. வயிறு எரியுது அக்கா, உன்கிட்டச் சொல்ல என்ன வெட்கம். மறுநாள் மறுபடி பதிவு. இன்னிக்கு இடைவெளியே விடக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு வரியோட கடைசியையும் அடுத்த வரி வரைக்கும் இழுத்தேன். எப்படி நுழையறார்னு பார்த்துடலாம்! முதல் வரி இழுத்தேன், காத்திருந்தார். ரெண்டாவது இழுத்தேன், காத்திருந்தார். மூணாவதுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து, மைக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருமிட்டேன். இருமி முடிக்கிறதுக்குள்ள பூந்துட்டார் அக்கா! ஒலிப்பதிவுக்காரர் துள்ளிக் குதித்து, "இதையே வச்சுக்கலாம் சார்!" என்கிறார். "எதை, என் இருமலையா?" என்றேன். உன் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். அந்த நல்லதனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, அத்தானிடம் நீயே பக்குவமாகப் பேசி அந்த ஐந்து சுரத்தை எடுத்துவிடச் சொல். நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், அதை அவர்கள் சொல்லக் கூடாது.

பிள்ளைகள் நூறு வயசு வாழட்டும். அத்தானுக்கு வணக்கம், ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மெட்டுக்குச் சொந்தக்காரனான உன் தம்பி

பின்குறிப்பு: இதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒலிப்பதிவுக்காரர் கூப்பிட்டார். அத்தான் நேற்றே தன் வாசிப்பை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். "மச்சினன் என்னாலதான் மூச்சுத் திணறறான். அவன் பாட்டு அது, நிம்மதியாப் பாடட்டும்" என்றாராம். அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போனேன். முதல் நாள் பதிவை நான் மட்டும் பாடுகிற மாதிரி போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வரி முடிந்ததும், யாராவது பதில் சொல்வார்களா என்று நான் காத்து நிற்பது எனக்கே கேட்கிறது. அக்கா, நாளைக் காலை பத்து மணிக்கு அவரைக் கிளாரினெட்டோடு வரச் சொல். இடம் விட்டுப் பாடுகிறேன். நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதே. பதிவைக் கேட்டு அழுதது ஒலிப்பதிவுக்காரர் என்று சொல்.