வெல்லாவெளிக்கு ஏற்ற டயர்

ஒரு பெண்ணைத் தேடிப் போகிறவன் நல்ல சட்டை பார்ப்பான், முடி வெட்டிக்கொள்வான், கொஞ்சம் பவுடர் பூசிக்கொள்வான். நான் டயர் பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்காகப் பார்த்தேன். இந்தக் கதையைக் கேட்டு என் மனைவியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்பதால், உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

சுனாமியாகக் கடல் வந்து போனபின் கல்லடியில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு குளியலறைச் சுவரும் அம்மாவும் நானும்தான். முகாமில் இருந்தோம். கொட்டில் கட்டிக்கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் எனக்கு வேலை தந்தது. ஆகவே அந்த முகாமில் நான் உத்தியோகத்தனும் அகதியும். விடிய எழும்பி வாளியோடு தண்ணீர் வரிசையில் நிற்பேன். பிறகு கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அதே வரிசையை ஒழுங்குபடுத்துவேன். ஏறித் திரிய ஒரு மோட்டார் சைக்கிளும் தந்தார்கள். காட்டுப் பாதையில் ஓடுகிற உயரமான சாதி. உட்கார்ந்தால் என் பெருவிரல் நுனிதான் நிலத்தில் முட்டும். ஆனால் அதில் கிடந்தது தார் றோட்டில் ஓடித் தேய்ந்த வழுவழுப்பான டயர். கடற்கரை மணலைக் கண்டதும் அந்த வாகனம் களைத்த எருமை மாதிரிச் சரிந்து படுத்துவிடும். நானும் கூடவே படுத்துக்கொள்வேன்.

சுகந்தி அந்த முகாமுக்கு வந்த மருத்துவமாது. எல்லோரும் "மிட்வைஃப் மிஸ்" என்பார்கள். சொந்த ஊர் வெல்லாவெளி; வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்கிற பக்கம். குழந்தைகளைத் துணியில் தொங்கவிட்டு நிறை பார்க்கிற தராசு ஒன்றோடு கொட்டில் கொட்டிலாகப் போவாள். அழுகிற குழந்தையைச் சட்டென்று இறக்கிவிடுவாள். அழாமல் வெறித்துப் பார்க்கிற குழந்தையைத்தான் நெடுநேரம் மடியில் வைத்திருப்பாள். அந்த நாட்களில் அப்படிப்பட்ட குழந்தைகள் நிறைய இருந்தார்கள். பெரியவர்களும்தான். ஒருநாள் என்னையும் அப்படியே உற்றுப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அம்மாவைத் தவிர வேறொருவர் அதைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

இதற்குப் பிறகு தராசைத் தூக்கித் திரியும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒருநாள் அடுத்த முகாமுக்கு அவசரமாகப் போகவேண்டியிருந்ததால் அவளும் தராசோடு பின்னால் ஏறினாள். மணலுக்குள் இறங்கியதுமே முன்சில்லு ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் போனோம். மூவரும் விழுந்தோம், தராசையும் சேர்த்து.

"தராசு உடைஞ்சிட்டா?" என்றேன் பதறிப்போய். கை கால் உடைந்ததா என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அன்று பின்னேரம்தான் எனக்குத் தோன்றியது.

சுகந்தி எழும்பிப் பாவாடையைத் தட்டினாள். சிரிப்பை அடக்கியதில் மூக்கு விரிந்தது. "தராசுக்கு ஒண்டுமில்ல. உங்கட டயரைத்தான் பாருங்க, மொட்டத்தல மாதிரி இரிக்கி. இதோட எங்கட ஊருக்கு வந்தீங்க எண்டா வீடு வந்து சேரமாட்டீங்க. அங்க பாதி மணல், பாதி கல்லு."

அவள் சொன்னது பாதையைப் பற்றி. எனக்குக் கேட்டது "எங்கட ஊருக்கு வந்தீங்க எண்டா" என்பது மட்டும்தான்.

சில மாதங்களில் அவளுக்கு ஊருக்கே இடமாற்றம் வந்தது. முகாம் வாசலில் நின்று, "போயிற்று வாறன்" என்றாள். "ஓம்" என்றேன். எவ்வளவோ பேசத் தயாரித்து வைத்திருந்தேன். வெளியே வந்தது அந்த ஒரு "ஓம்" மட்டும். பிறகு சண்டை தொடங்கியது. படுவான்கரைப் பாதைகள் மூடப்பட்டன. வாவிக்கு அப்பால் ஷெல் விழுகிற சத்தம் கல்லடிப் பாலத்தில் நின்றால் கேட்கும். அங்கிருந்து சனங்கள் சட்டி பெட்டியோடு இடம்பெயர்ந்து வந்தபோது, என் வேலையைச் சாட்டாக வைத்து ஒவ்வொரு கூடாரமாகத் தேடினேன். "வெல்லாவெளி மிட்வைஃப் மிஸ்" என்று கேட்டால் ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒரு மிஸ்ஸைக் காட்டினார்கள். ஒருவரும் சுகந்தி இல்லை. அவள் குடும்பம் அம்பாறைப் பக்கம் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். சிலர் தெரியாது என்றார்கள்.

பாதை திறப்பது என் கையில் இல்லை. அவள் எங்கே என்பதும் என் கையில் இல்லை. என்னால் ஆகக்கூடிய காரியம் டயர் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

டவுனில் என் சிநேகிதன் டெரிக்கின் வாகனப் பட்டறை இருந்தது. பறங்கியர் வம்சம், தங்கமான மனம். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்வான். பதில் சரியா என்பது வேறு விடயம். நிறுவனம் ஊரைவிட்டுப் போனபோது மோட்டார் சைக்கிள் என்னிடமே தங்கிவிட்டது. வேலை முடிந்ததும் அதை உருட்டிக்கொண்டு டெரிக்கிடம் போவேன். டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்து, நாங்கள் இருவரும் நாடாளுமன்றம் நடத்துவோம்.

விடயம் உண்மையிலேயே சிக்கலானது. மணலுக்கு என்றால் டயரின் பல் பெரிதாக, இடைவெளி விட்டு, மென்மையாக இருக்கவேண்டும். அகப்பை போல மணலை அள்ளித் தள்ளவேண்டும். காற்றையும் குறைத்துவிட்டால் டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். கல்லுக்கு இதெல்லாம் நேர்மாறு. பல் சிறிதாக, நெருக்கமாக, இறப்பர் கடினமாக, பக்கவாடு தடிப்பாக இருக்கவேண்டும். காற்றும் நிறைய வேண்டும். இரண்டுக்கும் பொதுவான நடுத்தர டயர் ஒன்றும் பட்டறையில் இருந்தது. புத்தியுள்ளவன் அதை வாங்கியிருப்பான்.

"நடுத்தரம் சரிவராது மச்சான்," என்றான் டெரிக். "அது ரெண்டுக்கும் நல்ல பிள்ளை, ஒண்டுக்கும் உதவாது. பின்னுக்கு மணல் டயர் போடு, முன்னுக்குக் கல்லு டயர் போடு. மறுகா உன்னை ஆரும் மறிக்கேலாது."

"காத்து?"

"மணலில திறந்து விடு. கல்லில அடி."

அவ்வளவுதான். முன்சில்லு ஒரு கட்சி, பின்சில்லு ஒரு கட்சி என்று ஒரு மோட்டார் சைக்கிள் உருவானது. அதை அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "மனே, இது ரெண்டும் ஒரே வண்டிட சில்லுத்தானா?" என்று கேட்டார்.

போர் முடிந்த வருடம், சிறுபோக அறுவடை நேரம், பஸ்ஸில் சந்தித்த ஒருவர் சுகந்தியின் குடும்பம் ஊர் திரும்பிவிட்டதாகச் சொன்னார். "அவ சுகமா இரிக்காவா?" என்று கேட்டேன். "ஓம், நல்ல சுகம்" என்றார். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஷேர்ட் போட்டு, ஒரு பை அப்பிளைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டேன். அப்பிளுக்கு இடம் விடுவதற்காகக் காற்றடிக்கிற பம்பை வீட்டில் வைத்துவிட்டேன். டயர் கழற்றுகிற நெம்புகோல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். (அன்று காலை என் தலைக்குள் மூளை இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, தார் றோட்டை விட்டுக் கடற்கரைக்கு இறங்கினேன். அதற்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. ஆனால் மணல் டயர் போட்டுவிட்டு மணலில் ஓடாமல் போனால் எப்படி? பின்சில்லின் காற்றைத் திறந்துவிட்டேன். ஆகா, அந்தச் சிறிது தூரம்! வாகனம் மணலின் மேல் ஓடம் போல வழுக்கிக்கொண்டு போனது. வலைக்காரர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். பின்னால் சுகந்தி இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அந்த நினைப்போடு குருமண்வெளித் துறைக்கு வந்தபோது, வாவியைக் கடக்கிற பாதை (வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றுகிற மிதவைப் படகுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) புறப்படுகிற நேரம். சந்திக் கடையில் காற்று அடிக்கவேண்டும் என்ற யோசனை அந்த ஓட்டத்தில் பறந்துபோனது. மண்டூர்க் கரையில் ஏறி, கிறவல் றோட்டில் கல்லும் குழியுமாகப் போனேன். முன்சில்லு சந்தோசமாகப் போனது. அரைக் காற்றோடு இருந்த பின்சில்லு ஒவ்வொரு கல்லிலும் நெளிந்தது. கடைசியில் டயர் றிம்மில் வழுக்கித் திரும்பியதில் ரியூபின் வால்வு வேரோடு பிடுங்கிக்கொண்டது. "புஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என் வருடக்கணக்கான ஆராய்ச்சி.

ஒரு மனிதரில்லை. றோட்டின் ஒரு பக்கம் முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. மறுபக்கம் அறுவடை முடிந்த வட்டை, வெட்டிய வயல்வெளி. அதன் ஓரத்தில் வைக்கோல் கும்பி. அப்போது டெரிக் எப்போதோ சொன்ன இன்னொரு ஞானம் நினைவுக்கு வந்தது: காற்று இல்லாவிட்டால் டயருக்குள் புல்லை அடைத்தும் ஓடலாம்.

நெம்புகோலால் டயரின் ஒரு பக்கத்தைக் கிளப்பி, வைக்கோலைத் திணித்தேன். வெள்ளை ஷேர்ட் சாம்பல் நிறமானது. ஆனால் வாகனம் ஓடியது! குலுங்கியது, மணத்தது, கொஞ்சம் புகைந்தது; ஆனாலும் ஓடியது. ஓடும்போது டயருக்கும் றிம்முக்கும் இடையால் வைக்கோல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. மாடுகளுக்குத் தெரிந்தது.

சண்டைக் காலத்தில் உரிமையாளர்கள் விட்டுவிட்டு ஓடிய மாடுகள் கட்டாக்காலியாகத் திரிந்த காலம் அது. முதலில் ஒன்று வந்தது. மறுகா இரண்டு மூன்று. திரும்பிப் பார்த்தபோது ஒரு பட்டியே என் பின்னால். வேகமெடுத்தால் வைக்கோல் இன்னும் கொட்டியது; அவையும் வேகமெடுத்தன. ஒரு நாம்பன், இளங்காளை, எட்டி அப்பிள் பையைக் கடித்துக்கொண்டது. இப்படித்தான், புகையும் தூசியும் மாட்டு மந்தையுமாக, வெல்லாவெளியில் சுகந்தியின் வீட்டைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் அவளுடைய தகப்பன் நின்றார். "ஆரு தம்பி நீங்க? ஏன் ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிட்டு வாறீங்க?"

"நான் ஓட்டல்ல ஐயா. அதுகளா வருதுகள்."

அவர் பதிலைக் கேட்கவில்லை. பட்டிக்குள் நின்ற ஒரு சிவந்த பசுவையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டப் போய் அதன் பின்தொடையைத் தடவினார். அங்கே பழைய குறி, மயிர் மூடிய சூட்டுத் தழும்பு. "இது எண்ட சிவலை," என்றார். "ஓடக்குள்ள கயித்த அறுத்து விட்டிட்டுப் போனன். செத்திருக்கும் எண்டு நினைச்சன். இஞ்ச பாரு கா, சிவலை வந்திரிக்கி!" பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் டயரிலிருந்து தொங்கிய வைக்கோலைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், அழுதபடியே சிரிக்கத் தொடங்கினார்.

"இஞ்ச பாரு கா" என்று அவர் கூப்பிட்டது சுகந்தியை. வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் ஒரு மனிதர், சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு. அவள் இடம்பெயர்ந்திருந்த முகாமில் படிப்பித்துக்கொண்டிருந்த வாத்தியாராம். "வாங்க அண்ணன், இரிங்க," என்றார். அவ்வளவு நல்ல மனிதராக இருந்திருக்கத் தேவையில்லை.

"எப்பிடி இஞ்சால?" என்றாள் சுகந்தி.

"இந்தப் பக்கம் ஒரு வேலை," என்றேன்.

தேத்தண்ணி தந்தாள். என் பின்சில்லையும் முன்சில்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ விளங்கியது போல ஒரு அசைவு. குழந்தையின் தலைமயிரைச் சரிசெய்யத் தொடங்கினாள். அழாமல் என்னையே வெறித்த குழந்தையை நோக்கி நான் கையை நீட்டினேன்; அது வந்து என் மடியில் இருந்தது. நல்ல நிறை.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

வாத்தியார் தன் மோட்டார் சைக்கிளின் பழைய ரியூபைத் தேடி எடுத்துப் போட்டுத் தந்தார். பின்னேரமே வாவியைக் கடந்து திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரைக்கும் வெல்லாவெளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி தயிர் வருகிறது. அந்த ஐயா இறந்த பிறகும் நிற்கவில்லை. என் மனைவி அதை வாங்கி வைத்து, இனிப்புப் பாணியை ஊற்றி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, வைக்கோல், புகை, நாம்பன் எல்லாவற்றையும் என்னைவிட அழகாக நடித்துக் காட்டுவாள். எங்கள் வீட்டில் புறப்படத் தயங்கி நிற்கிற எவருக்கும் "டயர் பாக்கிறார்" என்றுதான் பெயர்.

இந்த வருடமும் தயிர் வந்தது. "ஒருக்காப் போய் அவங்களைப் பாத்திட்டு வருவமே," என்றாள் மனைவி. "இப்ப முழுக்கக் காப்பெற் றோட்தானே? எந்த வாகனமும் போகும்."

"ஓம், போவம்," என்றேன். "அடுத்த மாதம் போவம்."

உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டிச் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா, அப்பா டயர் பாக்கிறார்!"