அங்குலத்தாரின் அளவுக் கொப்பி

எங்கள் மீனவர் சங்கத்துக்கு வந்துபோன பட்டதாரிகள், ஆலோசகர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட நிபுணர்கள் அத்தனை பேரையும் ஒரு பக்கம் நிறுத்தினாலும், மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் விஞ்ஞானி என்று சொல்லத்தக்கவர் ஒருவர்தான் இருந்தார். அவர் கழுத்தில் தொங்கியது அளவு நாடா. ஆரையம்பதி பிரதான வீதியில் தையற்கடை வைத்திருந்த அவரை ஊர் அங்குலத்தார் என்று அழைத்தது. அவருடைய உண்மையான பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் அரசாங்கக் கச்சேரியில் இடாப்புகளோடு குடும்பம் நடத்திய நானே அதைத் தேடிப் பார்த்ததில்லை.

அளக்காத எதையும் அவர் நம்பமாட்டார். கலியாணப் பந்தியில் இலையில் பலகாரம் விழுந்ததும் நாடா கழுத்தைவிட்டு இறங்கும்.

"மூத்தவளிட கலியாணத்தில வடை ரெண்டே முக்கால் அங்குலம். இப்ப ரெண்டரைதான் இரிக்கு. சம்பந்தி வீட்டோட ஏதும் மனஸ்தாபமோ?" என்று பெண்ணின் தகப்பனையே கேட்பார். பெரும்பாலும் மனஸ்தாபம் இருக்கும்.

ஆண்களைப் பெயரால் குறிப்பிடும் வழக்கமும் அவரிடம் இல்லை. "பதினாறரைக் கழுத்து வந்து உங்களத் தேடினார்" என்பார். அது கிராம சேவகர் என்று நான் விளங்கிக்கொள்ள வேண்டும். "நாப்பது இடுப்புக்கு மகன் பிறந்திரிக்கான்" என்றால் தபாற்கந்தோருக்குப் போய்த் தபாலதிபரை வாழ்த்த வேண்டும்.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு எங்கள் பகுதியில் தென்னைகளைவிடப் பெயர்ப்பலகைகள் அதிகமாகிவிட்டன. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு தொண்டு நிறுவனம், அதன் முன்னால் ஒரு வெள்ளை வாகனம். நான் அப்போதுதான் கச்சேரியில் பிரதம லிகிதராக ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில். சும்மா இருக்கும் ஆளைக் கண்டால் ஊருக்குப் பொறுக்காது. வாவி மீனவர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். சங்கத்தின் கந்தோர் அங்குலத்தாரின் கடையில் பின்பாதி. நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அந்தப் பக்கம் தையல் மெசின், இந்தப் பக்கம் தட்டச்சு மெசின். இரண்டும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே ஓடும்.

என் சேட்டுகளையும் அவர்தான் தைத்தார். அதோடு ஒரு தொல்லையும் இருந்தது. நாள்தோறும் பன்னிரண்டரைக்குத் திரை விலகும்.

"ஐயா, வீட்டில மீன்கறி மிஞ்சிப் போச்சு. வீணாப் போடேலா. வாங்க."

வேண்டாம் என்றால் பார்சலைக் கொண்டுவந்து என் காகிதக் கோவைகளுக்கு மேலே வைத்துவிடுவார். அரச பழக்கத்தில் வளர்ந்த கோவைகளில் எண்ணெய் படிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கோவைகளைக் காப்பாற்றுவதற்காகவே சாப்பிட்டு வந்தேன்.

சங்கம் முதற்கட்டமாக முப்பது குடும்பங்களுக்குத் தோணியும் வலையும் கொடுத்திருந்தது. இரண்டாம் கட்டத்தில் இருபத்துநான்கு குடும்பங்கள் காத்திருந்தன. அந்தப் பட்டியலில் முதற்பெயர் பூரணம். புருசனையும் தோணியையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வேறொருவரின் தோணியை இரவல் வாங்கிக்கொண்டு வாவியில் றால் பிடிக்கப் போவாள். பிடிபட்டதில் பாதி தோணிக்காரருக்குப் போய்விடும். தினமும் காலையில் கூடையோடு வாசலில் நின்று கேட்பாள்:

"என்ட தோணி வந்திட்டா ஐயா?"

"பிரேரணை பரிசீலனையில இரிக்கு பிள்ளை."

"அதில ஏறி றாலுக்குப் போகேலுமா?"

போக முடியாது என்பதை நானும் அறிவேன்.

உதவிப் பணம் கேட்கும் அந்தப் பிரேரணையைப் பதினெட்டுப் பக்கங்களில் நானே எழுதினேன். "பயனாளிகளின் வாழ்வு கணிசமாக மேம்பட்டுள்ளது" என்று பல இடங்களில் வற்புறுத்தியிருந்தேன். முப்பது பயனாளிகளும் தோணிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் படங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன். உதவி வழங்கும் நிறுவனத்திலிருந்து மூன்று கேள்விகளோடு அது திரும்பி வந்தது. கணிசமாக என்றால் எவ்வளவு? எதோடு ஒப்பிட்டு? உங்களுக்கு எப்படித் தெரியும்?

இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் இப்படி அவமதித்ததில்லை. கச்சேரியில் இப்படிக் கேள்வி கேட்கும் ஆளைப் பதவி உயர்வு கொடுத்துத் தூரத்துக்கு அனுப்பிவிடுவோம்.

சங்கத் தலைவர் மீனுக்கு ஐஸ் விற்கும் ஐஸ்வாடி முதலாளி. கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர் உடனே நோயைக் கண்டுபிடித்தார்.

"படத்தில சிரிப்புக் காணாது ஐயா. இன்னும் கொஞ்சம் பெருசாச் சிரிக்கச் சொல்லித் திரும்ப எடுப்பம்."

திரைக்கு அந்தப் பக்கம் மெசின் நின்றது. "ரெண்டரை அங்குலத்துக்கு மேல விரிஞ்சா அது படம் பிடிக்கிறவன் சொல்லிச் சிரிச்ச சிரிப்பு, தலைவர். பாத்த உடனே தெரிஞ்சிரும்."

திருப்பி அனுப்ப வேண்டிய படிவத்தில் 'கண்காணிப்பு மதிப்பீட்டு உத்தியோகத்தர் பெயர்' என்று ஒரு வரி இருந்தது. வெறுமையாக விடக்கூடாது. தலைவர் பெருவிரலால் திரையைக் காட்டினார். "ஆள் இரிக்காரே." அங்குலத்தாருக்கு மூன்று பிரதிகளில் நியமனக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துப் பார்க்கவில்லை. கடிதத்தின் நீள அகலத்தை அளந்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாளே கரைக்குப் போய், சங்கம் முன்பு கொடுத்த தோணிகளை அளந்தார். பத்திரத்தில் பதினெட்டு அடி. கரையில் பதினேழு அடி மூன்று அங்குலம். செய்து கொடுத்தவர் தலைவரின் மைத்துனர்.

"தண்ணியில கிடந்தாச் சுருங்கும்தானே" என்றார் தலைவர்.

"துணிதான் சுருங்கும் தலைவர். மரம் ஊதும்."

அதற்குப் பிறகு தலைவர் ஒரு கிழமை கந்தோர்ப் பக்கம் வரவில்லை. இரண்டாம் கட்டத்துத் தோணிகளைத் தோணி செய்யும் வேறு ஓடாவியிடம் கொடுப்பதென்று செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தை நான் மகிழ்ச்சியோடு தட்டச்சு செய்தேன்.

அடுத்தது சோதனைச்சாவடி. சண்டை நடந்த அந்த நாட்களில் பையில் ஒரு கொப்பி இருப்பதே சங்கடம். அங்குலத்தாருடையதிலோ பக்கம் பக்கமாக எண்கள்: 34, 28, 14½. சிங்களச் சிப்பாய் அதைப் புரட்டப் புரட்ட அவன் முகம் இறுகியது. நான் பக்கத்தில் நின்று என் ஓய்வூதிய அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இது என்ன நம்பர்? யாரு குடுத்தது?"

அங்குலத்தார் அவன் கேள்வியைக் கவனிக்கவில்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உங்கட கழிசான் இடது கால் அரை அங்குலம் நீளம். அதுதான் நடக்கக்க தட்டுது" என்று சொல்லிக் குனிந்து நாடாவை வைத்தார். சிப்பாய் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிவிட்டுத் தன் இடது காலைப் பார்த்தான். உண்மைதான் என்று அவனுக்கும் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் சாவடியிலிருந்து நாலு கழிசான்கள் கடைக்கு வந்தன. பிரேரணையில் 'இன நல்லிணக்கம்' என்று ஒரு தலைப்புச் சேர்க்கலாம் என்றார் தலைவர். நான் சேர்க்கவில்லை.

கடைசியில் நேரில் பார்த்து முடிவு சொல்வதற்கு நிறுவனத்திலிருந்து ஒரு இளம் பெண் கொழும்பிலிருந்து வந்தாள். நாங்கள் மிஸ் என்றோம். மரியாதையான பிள்ளை. பதினெட்டுப் பக்கத்தையும் வாசித்திருந்தாள். அதுதான் பிரச்சினை.

"தோணி குடுத்தீங்க, சரி சேர். குடுக்க முன்னுக்கு இவங்க எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க? பழைய பதிவு, ஒரு அளவு, ஏதாவது இருக்கா?"

"பதிவுகளையெல்லாம் கடல் கொண்டு போய்விட்டது" என்றேன். அந்த வருடம் மாவட்டம் முழுவதும் செல்லுபடியான பதில் அது. ஒருபோதும் எழுதப்படாத பதிவேடுகளைக்கூடக் கடல் கொண்டு போயிருந்தது.

மிஸ் சிரித்தாள். எத்தனையாவது தடவையாக இதைக் கேட்கிறாளோ. "அப்ப எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது சேர். நீங்க நல்லதுதான் செஞ்சிருப்பீங்க. ஆனா அதை நான் எதை வச்சுச் சொல்றது?" என்று கோவையை மூடினாள். வாசலில் பூரணம் கூடையோடு நின்றிருந்தாள்.

திரை விலகியது.

"அளவு இரிக்கு மிஸ்."

அங்குலத்தார் துணியில் சுற்றிய ஒரு தடித்த கொப்பியை மேசையில் வைத்தார். பிரித்து, எண்களின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு வாசித்தார்.

"தீவாளிக்கும் சித்திரைக்கும் ஊரே என்னட்டத்தான் தைக்கிற. கடல் வாறதுக்கு முந்தின தீவாளிக்கு எல்லாருக்கும் அளவு இரிக்கு. மறுகா முகாமில இரிக்கக்க நிவாரண உடுப்பச் சின்னதாக்கக் கொண்டந்தாக்கள். அப்ப எல்லாரும் மூண்டு, நாலு அங்குலம் குறைஞ்சி போயிற்றாக்கள். இந்தா, கமலம். முகாமில நாலு குறைவு. புருசனுக்குத் தோணி கிடைச்சி ஒரு வருசம், மூண்டு கூடியாச்சி. அடுத்த வீட்டுப் பூரணம். அவவும் நாலு குறைஞ்சவதான். தோணி கிடைக்கல்ல. இண்டைக்கும் நாலு குறைவுதான்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். தோணி கிடைத்த வீடுகளில் ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். கிடைக்காத வீடுகளில் அப்படியே இருந்தார்கள். பதினெட்டுப் பக்கத்தில் நான் எழுதிய கணிசத்துக்குத் திரைக்கு அந்தப் பக்கம் இத்தனை நாளும் அங்குலக்கணக்கில் விடை இருந்திருக்கிறது.

மிஸ் கோவையைத் திரும்பத் திறந்தாள். "இது யார் செஞ்ச ஆய்வு?"

"ஆய்வு இல்ல மிஸ், சட்டை."

"இந்தப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுக்கலாமா?"

அங்குலத்தார் கொப்பியை மூடிவிட்டார். "பொம்பிளையளிட அளவ நான் என்ட பொஞ்சாதிக்கே காட்டினதில்ல. வெளிநாட்டுக்கு அனுப்பேலா."

"மூலப்பதிவு இல்லாம அங்க ஒருத்தரும் நம்பமாட்டாங்க ஐயா."

"நம்பாட்டி விடட்டும்."

இருவரும் நியாயம் பேசினார்கள். நடுவில் இருபத்துநான்கு தோணிகள் தரைதட்டி நின்றன. என் உத்தியோக வாழ்வில் கற்ற ஒரே ஒரு பயனுள்ள விடயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சான்றுப்படுத்திய பிரித்தெடுப்பு. பெயருக்குப் பதில் தொடரிலக்கம், அளவுக்குப் பதில் கூடின அங்குலம், குறைந்த அங்குலம். மூலக் கொப்பி உரியவரிடமே இருக்கும். பயனாளி சம்மதித்தால் அவருடைய பக்கத்தை மட்டும் அதிகாரி நேரில் சரிபார்க்கலாம்.

"ஆரு சம்மதிப்பா?" என்றார் அங்குலத்தார்.

வாசலில் கூடை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "என்ட பக்கத்தக் காட்டுங்க அண்ணன்" என்றாள் பூரணம். "வெள்ளைக்காரன் எனக்குச் சட்டை தச்சா அனுப்பப் போறான்?"

மிஸ் நாடாவை வாங்கிக்கொண்டு பூரணத்தோடு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்குலத்தார் இந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி நின்று கட்டளையிட்டார். "இழுக்காதீங்க மிஸ். விரல் ஒண்டு உள்ளுக்கப் போகவேணும். பூரணம், மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்காத, விடு." வெளியே வந்த மிஸ் கொப்பியில் பார்த்தாள். கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

எல்லாம் நல்லபடி முடிந்த நேரத்தில்தான் தலைவர் வந்து சேர்ந்தார். சரிபார்ப்பு நடக்கிறது என்று கேட்டதும் ஆர்வத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அங்குலத்தார் அளந்தார். கொப்பியைப் பார்த்தார்.

"திட்டம் துவங்கக்க முப்பத்தாறு. இப்ப நாப்பத்திரெண்டு."

மிஸ் பேனாவை எடுத்தாள். "இவரும் பயனாளியா?"

"மறைமுகப் பயனாளி" என்றேன். படிவத்தில் அப்படி ஒரு நிரல் உண்மையாகவே உண்டு.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. தோணிகள் வந்த அன்று அங்குலத்தார் ஒவ்வொன்றையும் அளந்தார். பதினெட்டு அடி. பூரணத்தின் தோணியை மட்டும் இரண்டு தடவை அளந்தார். அவள் ஏற்கெனவே அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். "கெதியா அளங்க அண்ணன், றால் போயிரும்" என்று துரத்தினாள். அடுத்த தீபாவளிக்கு அவள் சட்டை தைக்க வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து, "ரெண்டரை கூடியிரிக்கு" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு பெண்ணின் அளவை யாரும் கேட்காமலே அங்குலத்தார் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நிறுவனம் இந்த முறையை மற்றச் சங்கங்களுக்கும் சிபாரிசு செய்ததாகக் கேள்வி. ஓரிடத்தில் ஒரே மாதத்தில் ஊரே ஆறு அங்குலம் பருத்துவிட்டதாக அறிக்கை போனதாம். அங்குலத்தார் இதைக் கேட்டுவிட்டு, "தையலப் பிரிச்சி விட்டிரிப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு சண்டை முடிந்தது. வெள்ளை வாகனங்கள் வேறு நாடுகளின் துயரங்களைத் தேடிப் போயின. பெயர்ப்பலகைகளின் தகரத்தில் கோழிக்கூடுகள் நல்ல உறுதியாக அமைந்தன. எங்கள் கந்தோரையும் மூடுவதென்று முடிவாயிற்று. இறுதி அறிக்கைக்குப் பிரித்தெடுப்பை மூலத்தோடு ஒருதரம் ஒப்பிட வேண்டும் என்றேன். அது நடைமுறை. அங்குலத்தார் யோசித்துவிட்டு, ஆண்களின் பக்கங்களை மட்டும் பார்க்கலாம் என்று கொப்பியைத் தந்தார்.

தேடாமலே என் பக்கம் வந்தது. எப்போதும் ஐயா என்றே அழைத்தவர் அதில் என் பெயரை எழுதியிருந்தார். கச்சேரியில் இருந்த காலத்தில் கழுத்து பதினைந்தரை. சங்கத்துக்கு வந்த வருடம் பதினான்கு. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு குறிப்பு: 'மத்தியானம் சாப்பிடுறதில்லை.' அதற்குக் கீழே வருடாவருடம் பதினான்கரை, பதினைந்து, மறுபடி பதினைந்தரை.

கொப்பியை மூடிக் கொடுத்தேன். ஒப்பிட்டுச் சரிகண்டேன் என்று கையெழுத்தும் வைத்தேன். நூலிழை பிசகாமல் அளக்கத் தெரிந்த மனிதரின் வீட்டில் அத்தனை வருடம் தினமும் மீன்கறி மிஞ்சியது எப்படி என்று மட்டும் நான் கேட்கவில்லை.